மில் மியூசியத்துக்கு வந்த ஆயிரம் பேரும், நலமாக இருக்கும் நடேசன் மாமாவும்

கரிக்கலாம்பாக்கம்,
மார்கழி, திங்கட்கிழமை காலை.

பெருமதிப்பும் பேரன்பும் கொஞ்சம் பயமும் கலந்து, நடேசன் மாமா அவர்களுக்கு மைத்துனன் ஆதிமூலம் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நான், என் வீட்டுக்காரி வைஜெயந்தி, தங்களுடைய அரிசி மில், அதன் கூரையில் வாடகையில்லாமல் குடியிருக்கும் புறாக்கள் எல்லோரும் சுகம். ஓசூரில் தாங்களும் தெய்வநாயகி அக்காவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். தாங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்பதைத்தான் ஐந்து வாரமாக வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. போனில் விளக்கலாம் என்றால் தாங்கள் என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். "உம்பேர எடுத்தாலே சாப்பாட்டுத் தட்ட நகத்தி வெச்சிடறாருடா" என்றும் சொன்னாள். தபாலைத் தடுத்து வைக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்காததால் இந்தக் கடிதம். சாப்பிட்டு முடித்த பிறகு படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாதம் ஓசூரில் மில் சாவியை என் கையில் கொடுக்கும்போது தாங்கள் போட்ட நிபந்தனை எனக்கு மனப்பாடம். "ஆறு மாசம் டைமு. ஆயிரம் பேரு உள்ள வந்து நோட்டுல கையெழுத்து போடணும். ஒரு ஆளு ஒரு தடவதான் கணக்கு. ஒரு தல கொறஞ்சாலும் மில்ல இடிச்சு மனை போட திலீப்புக்குக் குடுத்துடுவேன்." அந்தக் கெடு வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. தங்கள் அப்பா கட்டிய மில் மியூசியமாக நிற்குமா, அல்லது நாலு பக்கமும் கொடி நட்டு ஏதோ ஒரு நகர் ஆகுமா என்பது இனி தங்கள் கையில். தாங்கள் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள் என்பதால் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரத்து நாலு! மாமா, ஆயிரத்து நாலு பேர் வந்தாயிற்று. நாம் ஜெயித்துவிட்டோம். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் தங்கள் காதில் கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. நேராக்குகிறேன்.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இருபது வருஷமாகப் பாகூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்து, காதுகுத்துப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சிங்கத்தை நிறுத்திப் பேனர் அடித்தவன், மியூசியம் என்றதும் திடீரென்று பெரிய மனிதனாகிவிட்டேன். எல்லாவற்றையும் துடைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அட்டை வைத்தேன். 'இது ஹல்லர். நெல்லின் உமியை நீக்கப் பயன்படுத்தப்பட்டது. தொடாதீர்கள்.' 'இது சல்லடை. நொய்யைப் பிரிக்கப் பயன்படுத்தப்பட்டது. தொடாதீர்கள்.' இப்படி முப்பத்தாறு அட்டை. வைஜெயந்தி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "முப்பத்தேழாவதா ஒண்ணு எழுதி உங்க கழுத்துல மாட்டிக்குங்க. இது ஆதிமூலம், எதுக்குப் பயன்பட்டதுன்னு தெரியல, தொடாதீர்கள்" என்றாள். இரண்டு மாதத்தில் வந்தவர்கள் நாற்பத்தோரு பேர். அதில் மழைக்கு ஒதுங்கியவர்கள் பத்தொன்பது, நெல் மூட்டையோடு வந்து மில் ஓடவில்லை என்று திட்டிவிட்டுப் போனவர்கள் எட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்டவர்கள் ஆறு, மீதி எட்டும் என் வீட்டார். பாத்ரூம் கேட்டவர்களிடம்கூடக் கையெழுத்து வாங்கித்தான் வழி காட்டினேன்.

அப்போதுதான் அரசுப் பள்ளி டீச்சர் அர்ச்சனா நாற்பது பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு வந்தார். கெட்டிக்காரப் பெண். பிள்ளைகள் என் அட்டைகளைப் பார்த்தது ஒன்றரை நிமிஷம். நான் ஹல்லர் பற்றிச் சொற்பொழிவு ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தால் எதிரே டீச்சர் மட்டும் நிற்கிறார். பிள்ளைகள் பாதிப் பேர் மூட்டை எடை போடும் மேடைத் தராசில் ஏறிக் குதிக்கிறார்கள், மீதிப் பேர் நெல் இறங்குகிற தகரச் சரிவில் மேலேயிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் கயிற்றைத் தாண்டி ஓடப்போனேன். டீச்சர் என்னை நிறுத்தி, "சார், அதுங்களுக்கு இன்னா வேணும்னு அதுங்களே காட்டுதுங்க. நீங்க ஏன் சார் குறுக்க போறீங்க?" என்றார். மாமா, எனக்கு அந்த இடத்திலேயே புத்தி வந்தது. என் கடைக்கு வருகிறவன் என்றைக்காவது பேனரில் உள்ள வாசகத்தைப் படித்திருக்கிறானா? தன் முகம் எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவான். ஆக, மியூசியத்திலும் வருகிறவனைத்தான் உள்ளே வைக்க வேண்டும், பொருளை அல்ல. அன்றைக்கே முப்பத்தாறு அட்டையையும் கிழித்தேன். வைஜெயந்தி அடுப்பு பற்ற வைத்துக்கொண்டாள்.

பிறகு நாங்கள் செய்ததைப் பெருமையாகவே சொல்லுவேன். உள்ளே வருகிற பிள்ளைதான் நெல். வாசலில் அதற்குச் சாக்கில் தைத்த சட்டை மாட்டுவோம், அது உமி. படியேறி மேலே போனால் இரண்டு பழைய மெத்தையை உருளையாகச் சுருட்டி ஹல்லர் மாதிரி நிறுத்தியிருக்கிறோம். நடுவில் நுழைந்து அந்தப் பக்கம் வரும்போது சட்டையை உருவிவிடுவோம், உமி போயிற்று. பிறகு தகரச் சரிவில் சர்ரென்று கீழே. கீழே சல்லடையில் டீச்சர் ஒரு கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் முழு அரிசி, முத்திரை குத்தி வெளியே அனுப்புவோம். தப்பாகச் சொன்னால் உமி போகாத நெல், மறுபடி மேலே ஏறி வர வேண்டும். எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை, உன் எடைக்கு நெல் விளைய எத்தனை டேங்கர் தண்ணீர் வேண்டும் என்று. எழுபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றுக்கு ஒன்பது, பத்து டேங்கர் ஆகும் என்று டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நான் பிரமாதமாகப் பெயின்ட் அடித்தேன்.

முதல் வாரம் என்ன நடந்தது தெரியுமா? ஒரு பிள்ளைகூட அரிசியாகவில்லை. "தவிடு எதுக்குப் பயன்படும்?" என்று கேட்டால் "தலைக்குத் தேய்ச்சிக் குளிக்க" என்கிறது. "உமியை இன்னா பண்ணுவாங்க?" என்றால் "பொரியல்." நன்றாகப் படிக்கிற பெண் ஒன்று, "நெல்லு எதுல வெளையுது?" என்ற கேள்விக்கு என் முகத்தை நேராகப் பார்த்து "மரத்துல" என்றது. தப்பாகச் சொன்னால்தானே இன்னொரு சறுக்கல்! டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், ஸ்கூல்லயும் தப்பாச் சொன்னா இன்னொரு ரவுண்டு உண்டான்னு கேக்குதுங்க சார். எச்செம் சாருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" மறுநாளே சட்டத்தைத் திருப்பிப் போட்டோம். சரியாகச் சொன்னவனுக்குத்தான் இன்னொரு சறுக்கல், தப்பாகச் சொன்னவன் பதர், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே. ஒரே வாரம் மாமா! ஊரில் இருக்கிற வாண்டு ஒவ்வொன்றும் தவிட்டெண்ணெய், கருக்காய், நொய்க் கஞ்சி என்று ஒப்பிக்கிறது. வயலில் மருந்து அடிக்கிறவனை நிறுத்திச் சந்தேகம் கேட்கிறது. எல்லாம் சரி, ஆனால் ஐப்பசி பிறந்தபோது நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டுதான் ஏறியிருந்தது. ஒரே பிள்ளை பத்துத் தடவை வந்தாலும் ஒரு தலை என்பது தங்கள் சட்டம். பெரியவர்களோ, "அது பசங்க வெளையாடற எடம்பா" என்று கேட்டுக்கு வெளியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். பெரியவர்களை வரவழைக்கத்தான் அந்தப் பேனர்.

இந்த இடத்தில் தாங்கள் தண்ணீர் குடித்துக்கொள்ளவும்.

பேனரில் தங்கள் முகம்தான் நடுவில் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மில் தங்களுடையது, சின்னதாகப் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பழைய காலத்துக் களை வரட்டும் என்று படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கச் சொன்னேன். விழா ஆயிற்றே என்று இரண்டு மூலையிலும் விளக்கு. ஆடம்பரம் வேண்டாம் என்று சுற்றிலும் வெள்ளைப் பூ. மில் ஆரம்பித்த வருஷத்தையும் அரவை நின்ற வருஷத்தையும் போட இடம் இல்லாமல் தங்கள் படத்துக்குக் கீழே போட்டேன்: 1961 – 2024. அதற்குக் கீழே, 'ஞாயிறு காலை பத்து மணி, மில் வளாகத்தில், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் தவறாமல் வரவும்.' கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற சுகன்யா, "அண்ணா, இது போன வாரம் ஒருத்தருக்கு முதலாமாண்டுக்குப் போட்ட ஃபைலு. அவர எடுத்துட்டு நம்ம மாமாவ வெச்சிருக்கேன். ஒரு மாதிரியா இல்ல?" என்று கேட்டாள். நான், "அதாம்மா கிளாஸு. உனக்குப் புரியாது" என்றேன். "மேல மியூசியம்னாவது பெரிசா போடட்டுமா?" என்றாள். "மாமா தலைய மறைக்கும், ஓரமா போடு" என்றேன். இருபது வருஷ அனுபவம் மாமா எனக்கு. மதகடிப்பட்டு கூட்டுரோட்டில் ஒன்று, காட்டேரிக்குப்பம் போகிற வளைவில் ஒன்று, மில் கேட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் கட்டினேன்.

நம் ஜனத்தின் வழக்கம் தங்களுக்குத் தெரியாததா? நல்ல காரியம் என்றால் பத்திரிகை வைக்க வேண்டும், வெற்றிலை பாக்கோடு நேரில் போக வேண்டும், போன நேரத்தில் வீட்டுக்காரர் இல்லையென்றால் இன்னொரு நடை போக வேண்டும். அப்படியும் "எங்களச் சரியா கூப்டல" என்று பாதிப் பேர் வர மாட்டார்கள். துக்கத்துக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். காதில் விழுந்தால் போதும். இருபது வருஷமாக முகம் பார்க்காத பங்காளிகூடப் பஸ் ஏறிவிடுவான். அதிலும் தாங்கள் மூன்று வருஷமாக ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆள். 2024 என்று பார்த்ததும் ஜனங்கள் என்ன நினைக்கும்? போன வருஷமே போய்விட்டார், நமக்குச் சொல்லவே இல்லை, இப்போது வருஷத் திதிக்குப் பேனர் கட்டியிருக்கிறார்கள். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. அன்றைக்கு வந்த கூட்டத்தின் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

காலை ஒன்பதரைக்கு நான் சாக்குச் சட்டைகளோடு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறேன். முதல் வேன் வந்து நிற்கிறது. தங்கள் சித்தப்பா மகள் கனகாம்பாள் அக்கா தலையை விரித்துக்கொண்டு இறங்குகிறார்.

"நடேசா... எந்தம்பி... போன வருசமே போயிட்டியாடா... இந்தப் பாவிக்கு ஒரு வார்த்த சொல்லலியேடா இந்தப் பசங்க!"

சாக்குச் சட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். "அக்கா, அழாதீங்க. மாமா நல்லா இருக்காரு" என்றேன்.

"அவன் நல்லாத்தாண்டா இருப்பான், மேல போயி மகராசனா இருப்பான். நீங்கதாண்டா நல்லாவே இருக்க மாட்டீங்க!"

பேசிப் பயனில்லை என்று வீடியோ கால் போட்டேன். தாங்கள் அந்த நேரம் பார்த்து முகம் முழுக்க ஷேவிங் நுரையோடு திரையில் வந்தீர்கள். வெள்ளை வெளேரென்று ஒரு முகம், இரண்டு கண். கனகாம்பாள் அக்கா போட்ட அலறலில் கூரைப் புறா அத்தனையும் பறந்து போய் மத்தியானம்தான் திரும்பியது. பிறகு தாங்கள் "டேய் ஆதி, இன்னாடா சத்தம் அங்க?" என்று அதட்டியதும்தான் அக்காவுக்கு உயிர் வந்தது. "அவன்தான்! அந்தக் கொரலு அவன்தான்! அப்படியேதான் கீறான், ஒரு மட்டு மரியாத இல்ல!" அன்றைக்கு அழைப்பை அத்தோடு துண்டித்தது என் தப்புதான். விளக்கியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அடுத்த வேன் வந்துவிட்டது.

அதில் வந்தவர் காட்டேரிக்குப்பம் இருசப்பன். ஆமாம் மாமா, தங்கள் பங்காளி இருசப்பனேதான். மில் தவிட்டுத் தூசி தன் மிளகாய்க் களத்தில் விழுகிறது என்று சண்டை போட்டு, இருபது வருஷமாகத் தங்களோடு பேசாதவர். ஆள் உயர ரோஜா மாலையோடு வருகிறார், கண் சிவந்திருக்கிறது. நோட்டைக் கேட்டு வாங்கி, வெகு நேரம் குனிந்து எழுதி முடித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தூசிதானடா விழுந்துச்சு? தூசிய தொடச்சிட்டுப் போயிருக்கலாமே! ஒரு தடவ பேசியிருக்கலாமே!" என்று குலுங்குகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"இன்னாது? உயிரோட கீறானா?"

"ஆமாண்ணே. ஓசூர்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் பேச மாட்டேன். இந்த மாலைய இன்னா பண்றது இப்ப?"

மாலையை ஹல்லருக்குப் போட்டோம். நன்றாகவே இருந்தது.

பதினோரு மணிக்குள் நூற்றெழுபது பேர். பேனரை நான் இறக்கிவிட்டேன், அது சத்தியம், ஆனால் அது வாட்ஸாப்பில் நமக்கு முன்னால் கடலூர் தாண்டிவிட்டது. வந்த வேன்களோ ஆளை இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டன, நாலு மணிக்குத்தான் வரும். செத்தவரும் இல்லை, திதியும் இல்லை, வேனும் இல்லை. இவ்வளவு பேரும் மில்லுக்குள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அழுது அசந்துபோன கனகாம்பாள் அக்கா உட்கார இடம் தேடி மேடைத் தராசில் உட்கார்ந்தார். முள் ஓடி எழுபத்து மூன்றில் நின்றது. பக்கத்தில் இருந்த பிள்ளை பலகையைப் பார்த்து, "ஆயா, நீ ஒம்போது டேங்கரு" என்றது.

"இன்னாடா ஒம்போது டேங்கரு?"

"உன் எடைக்கு நெல்லு வெளைய ஒம்போது டேங்கரு தண்ணி ஊத்தணும்."

"அடப்பாவி! எங்கப்பன் எனக்கு ஒம்போது சொம்பு ஊத்தியிருக்க மாட்டான்" என்றார். அதுவரைக்கும் துக்கத்தோடு வரிசையில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மறுபடி துக்கத்துக்குப் போக முடியவில்லை. அடுத்தவள் ஏறினாள், அடுத்தவள் ஏறினாள். மாமா, இன்றைக்கு இந்தச் சுற்று வட்டாரத்தில் யாரும் ஆள் எடையைக் கிலோவில் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள்கூட, "பொண்ணு தேவலாம், ஏழு டேங்கர் இருக்கும்" என்கிறார்கள். தண்ணீர் சிக்கனம் பற்றி அரசாங்கம் அடித்த நோட்டீஸ் எத்தனை என் கடையில் அச்சாகியிருக்கிறது, ஒன்றாவது இப்படி வீட்டுக்குள் போயிருக்கிறதா?

அதன் பிறகு கனகாம்பாள் அக்கா எழுந்து பிள்ளைகள் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, புள்ளைங்கள அவிக்காமயே மேல ஏத்துறியே, உனக்கு அறிவு இருக்குதா?" என்றார். நான் திடுக்கிட்டுப் போனேன். "இது புழுங்கல் மில்லுடா. எங்க பெரியப்பா மில்லுல என்னைக்கிடா பச்ச நெல்ல ஏத்துனாங்க? ஊற வெக்கணும், அவிக்கணும், களத்துல காய வெக்கணும், பதம் பாக்கணும். அப்பறந்தான் மேல." கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் அந்தக் களத்தை மேய்த்தவராமே! நான் மில்லின் பாதியையே விட்டுவிட்டு மியூசியம் கட்டியிருக்கிறேன். உடனே அவித்தோம். பழைய தொட்டியில் பத்துப் பத்துப் பிள்ளைகளாக உட்கார வைத்து மேலே ஈரச் சாக்கு, நூறு எண்ணும் வரை வெளியே வரக்கூடாது. பிறகு களத்தில் வரிசையாக வெயிலில் படுக்க வேண்டும். அக்கா காலால் நெல்லைக் கிளறுகிற மாதிரி நடுவில் நடந்து வந்து புரட்டிப் புரட்டி விடுவார். காய்ந்துவிட்டதா என்று பார்க்க நெல்லைக் கடித்துப் பார்ப்பார்கள் இல்லையா, "பதம் வந்துச்சா, கடிச்சுப் பாக்கறேன்" என்று கையைப் பிடிக்கப் போவார். பிள்ளைகள் கத்திக்கொண்டு சரிவுக்கு ஓடும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ரோட்டில் போகிறவன் உள்ளே வந்தான். இப்போது அக்கா ஞாயிறு தவறாமல் மதகடிப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார். ஒரு பிள்ளையை நிஜமாகவே கடித்துவிட்டார் என்று தங்களுக்குச் செய்தி வந்திருந்தால் அது பொய். மெதுவாகத்தான் கடித்தார்.

மூன்று மணி சுமாருக்கு இருசப்பன் என் பக்கத்தில் வந்து, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பெரியவங்க போலாமா அதுல?" என்று கேட்டார். போனார். ஏழு தடவை போனார். வெள்ளை வேட்டி துருவாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கீழே வந்து, "நான் ஒண்ணும் அவன் மில்லுக்கு வரல, மியூசியத்துக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார்.

இப்படியாக மாமா, ஐந்து வாரம். தாங்கள் நலம் என்ற செய்தி எட்டாதவர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். எட்டியவர்கள் நிச்சயப்படுத்திக்கொள்ள வந்தார்கள். அழுதவர்களைப் பார்த்துச் சிரிக்க இன்னொரு கூட்டம் வந்தது. எதற்கு வந்தாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்து, எடை போட்டு, அவிந்து, காய்ந்து, சறுக்கிவிட்டுத்தான் போனார்கள். மனை வியாபாரி திலீப் மட்டும் பைக்கில் வந்து நின்று, "அண்ணா, சாவுக்கு வந்த கூட்டத்த மியூசியக் கணக்குல சேத்தா நியாயமா?" என்று கேட்டான். "உன் மனைக்கு வர்றவன் எத்தன நேரம்பா நிக்கறான்?" என்றேன். "பத்து நிமிசம் நிப்பான்." "இங்க வந்தவங்கள நாலு மணிக்கு நாங்க தொரத்த வேண்டியிருந்துச்சு. எது கூட்டம்?" என்றேன். போவதற்கு முன் அவனும் எடை பார்த்துக்கொண்டான், பதினோரு டேங்கர். கையெழுத்தும் போட்டான்.

ஆகையால் மாமா, ஆயிரத்து நாலு. நிபந்தனை நிறைவேறிவிட்டது. சாவி என்னிடமே இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். பேனரை எரித்துவிட்டேன். தாங்கள் நலமாக இருப்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தாங்கள் மட்டும் தயவுசெய்து பொங்கல் வரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம். வருஷத் திதி என்று நினைத்து அழுதவர்களுக்கெல்லாம் தங்களை நேரில் பார்க்க இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருசப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டை வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஒரு கையெழுத்துக்கூடச் சந்தேகப்பட இடமில்லை, என் தலைமேல் அடித்துச் சொல்கிறேன்.

தங்களுக்கும் அக்காவுக்கும் வயதில் சின்னவன் நான் வாழ்த்துச் சொல்ல முடியாது, வணங்குகிறேன். தங்கள் ஆயுள் நூறாகட்டும் என்று இந்த வருஷம் இந்த ஊரே ஒரே குரலில் நினைத்திருக்கிறது, யாருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம். மகன்களுக்கும் மருமகள்களுக்கும் என் ஆசிகள். பேரப்பிள்ளைகள் நாலு பேருக்கும் தலைக்கு ஒரு முத்தம். அக்கா கவலைப்பட வேண்டாம், இங்கே எல்லாம் என் கைக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் தட்டாத,
ஆதிமூலம்.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டிய பிறகு, தபாலாபீஸுக்குக் கிளம்பும்போது வைஜெயந்தி உறையைப் பிடுங்கிப் பிரித்துவிட்டாள். நோட்டை அவள் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாளாம். அன்றைக்கு இருசப்பன் வெகு நேரம் குனிந்து எழுதியது ஒரு கையெழுத்து இல்லை மாமா, பதினாறு. துக்கத்துக்கு ஒருவர் போனால் வர முடியாதவர்கள் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற நம் வழக்கப்படி, சிங்கப்பூரில் இருக்கிற மகன், காலொடிந்து படுத்திருக்கிற மச்சான், மருமகள் வயிற்றில் இருக்கிற பேரன் ('பெயர் பிறகு') என்று பதினைந்து பேரை எழுதியிருக்கிறார். நானும் தலை தலையாக எண்ணியிருக்கிறேன். அந்தப் பதினைந்தைக் கழித்தால் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. இன்னும் பதினொன்று குறைகிறது. மழையும் அரையாண்டுப் பரீட்சையும் சேர்ந்து வந்திருக்கிறது, வர வேண்டிய ஊரெல்லாம் வந்து முடித்தும்விட்டது. ரோட்டில் போகிற பதினோரு பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் மேலே எழுதியதைப் படித்த பிறகு என் நோட்டில் எந்தக் கையெழுத்தையும் தாங்கள் நம்ப மாட்டீர்கள், தங்கள் கையெழுத்தைத் தவிர.

அதனால் வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். தாங்கள், அக்கா, இரண்டு மகன், இரண்டு மருமகள், பேரப்பிள்ளைகள் நாலு பேர். பத்து ஆயிற்று. வேன் டிரைவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தால் பதினொன்று. கார் வேண்டாம், வேனிலேயே வரவும், கேட்டுக்கு உள்ளே வந்த பிறகு இறங்கவும். பஸ் ஸ்டாப்பிலிருந்து மட்டும் தனியாக நடந்து வந்துவிடாதீர்கள் மாமா, ஊரில் இன்னும் நாலைந்து பேருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.